சிறு குழந்தைக்கு நல்ல கண் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை தன் ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருப்பதைப் பெற்றோரிடம் சொல்லாது. பிறந்தது முதல் அப்படியே பார்த்து வந்திருப்பதால், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். மற்றொரு கண் நன்றாக இருந்துவிட்டால் ஓடும், விளையாடும், தரையில் சிந்திய பொரியைக்கூடப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும்; வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. பெரியவர்கள் மருத்துவரிடம் போனால் தங்கள் தொந்தரவைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள், அதைக் கேட்டு அவர் நோயை நோக்கி நகர்கிறார். குழந்தை விஷயத்தில் அந்த உதவி கிடையாது. ஆகவே, சொல்லத் தெரியாத நோயாளியிடமிருந்து உண்மையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரையே நாம் தேட வேண்டியிருக்கிறது. தேர்வுக்கு இதுவே முதல் அளவுகோல். மருத்துவமனையின் பெயர், கட்டடம், இயந்திரங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எப்போது போக வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். எந்தக் குறையும் வெளியே தெரியாவிட்டாலும், மூன்று வயது முடிந்ததும், அதாவது எல்கேஜியில் சேர்ப்பதற்கு முன்போ சேர்த்த உடனேயோ, ஒருமுறை முழுமையான கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பார்ப்பது கண்ணின் வேலை மட்டுமல்ல. கண் அனுப்பும் படத்தைப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும், அந்தப் பழக்கம் பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான் உருவாகிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வந்துகொண்டிருந்தால் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். அதற்குப் பின் பலன் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் உழைப்பு கூடும், கிடைப்பது குறையும்.

சில அறிகுறிகளுக்கு மூன்று வயது வரை காத்திருக்கக் கூடாது. குழந்தையின் கண்பாவை வெண்மையாகத் தெரிந்தாலோ, கைப்பேசியில் பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் மீண்டும் மீண்டும் வந்தாலோ, அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம், விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். பிறவிக் கண்புரை பார்வையை முழுதும் மறைப்பதாக இருந்தால் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அறுவை சிகிச்சை தேவைப்படும். கைக்குழந்தையின் கண்கள் வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தால் "என்ன அழகான கண்" என்று உறவினர்கள் கொஞ்சுவார்கள். ஆனால் பெரிய கண்ணோடு நீர் வடிவதும், வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கருவிழி புகை படிந்ததுபோல் இருப்பதும் சேர்ந்தால் அது பிறவிக் குளுக்கோமாவின், அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையைக் கெடுக்கும் நோயின் அடையாளம். பிறந்த மூன்று நான்கு மாதங்கள் வரை கண்கள் அவ்வப்போது விலகிப் போவது இயல்பு. அதற்குப் பின்னும் தொடர்ந்தாலோ, எப்போதுமே விலகி நின்றாலோ அது மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சை நம்பிப் பள்ளிப் பருவம் வரை விட்டுவைத்த குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண்போலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு. எது உண்மையான மாறுகண், எது வெறும் தோற்றம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பாட்டி அல்ல.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கணக்கு தனி. 34 வாரங்களுக்கு முன் பிறந்தாலோ, பிறந்தபோது எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். மிகவும் முன்கூட்டி, மிகக் குறைந்த எடையோடு பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களிலேயே பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே "விழித்திரைப் பரிசோதனை எந்தத் தேதி?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு தேறட்டும், எடை கூடட்டும் என்று அதைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

யார் யார் என்ன செய்பவர்கள்

கண்ணாடிக் கடையில் கணினியில் பவர் பார்ப்பவரையும் கண் டாக்டர் என்றே நம் ஊர்களில் அழைப்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் எம்.எஸ்., டி.என்.பி. அல்லது டி.ஓ. பட்டம் பெற்றவரே கண் மருத்துவர். அதற்கும் மேலே, குழந்தைகள் கண் மருத்துவமும் மாறுகண்ணும் என்ற பிரிவில் ஓரிரு ஆண்டுகள் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் பட்டங்களுக்குப் பின்னால் 'ஃபெல்லோஷிப்' என்று குறித்திருப்பார்கள். எதில் ஃபெல்லோஷிப் என்று கேட்பதில் தவறில்லை. கண்புரையிலும் விழித்திரையிலும்கூட அது உண்டு. ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்துப் பார்வையை அளப்பதில் தேர்ந்தவர். நல்ல மருத்துவமனைகளில் குழந்தையோடு அதிக நேரம் செலவிடுபவர் அவராகத்தான் இருப்பார், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் பொறுப்பு. மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ பெயரைக் கொண்டு சரிபார்க்கலாம்.

எல்லாக் குழந்தைக்கும் சிறப்பு மருத்துவர் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கண் சிவந்து பீளை தள்ளுவதற்கும், பள்ளியில் சொல்லியனுப்பிய சாதாரணக் கிட்டப்பார்வைக்கும் ஊரிலுள்ள பொதுவான கண் மருத்துவர் போதும், அவர் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் முழுப் பரிசோதனை, மாறுகண், சோம்பேறிக் கண், கண்புரை, குளுக்கோமா, கண் தானாக ஆடிக்கொண்டிருப்பது, குறைமாதப் பிறப்பு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுக்குக் குழந்தைகள் கண் மருத்துவரைத் தேடிப் போவதே சரி. தொலைவு ஒரு தடையாக இருந்தால், முதல் பரிசோதனையையும் சிகிச்சைத் திட்டத்தையும் பெரிய மருத்துவமனையில் முடித்துக்கொண்டு, இடைப்பட்ட மறுபரிசோதனைகளை உள்ளூர் மருத்துவரிடம் செய்துகொள்ள இயலுமா என்று இருவரிடமும் பேசலாம். குழந்தைக் கண் சிகிச்சை ஒருநாள் வேலை அல்ல, ஆண்டுக்கணக்கில் நீள்வது. எட்டாத தூரத்தில் இருக்கும் மேதையைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்வரக்கூடிய நல்ல மருத்துவரே பயன்படுவார்.

எங்கே தேடுவது

குழந்தைக்கு வழக்கமாகத் தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவரிடமிருந்து தொடங்குங்கள். "யாரிடம் அனுப்புவீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "உங்கள் வீட்டுக் குழந்தையாக இருந்தால் யாரிடம் கூட்டிப் போவீர்கள்?" என்றும் கேட்டுப்பாருங்கள், இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால் நல்ல சகுனம்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் வசதிக்குக் குறைவில்லை. சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சேலம், சென்னை உள்ளிட்ட ஊர்களில் கிளைகள் உள்ளன. கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் அங்கே உண்டு. டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-இல் நிறுவிய சங்கர நேத்ராலயா சென்னையில் இருக்கிறது. கோவையில் சங்கரா கண் மருத்துவமனை, திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை, வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு என்று அந்தந்தப் பகுதி மக்கள் தலைமுறையாகப் போய்வரும் இடங்களும் உள்ளன. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயர் அதன் எல்லாக் கிளைக்கும் எல்லா நாளைக்கும் பொருந்தும் என்று கருதிவிடாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இந்தக் கிளையில் இருக்கிறதா, அந்த மருத்துவர் எந்தக் கிழமைகளில் வருகிறார், மூன்று வயதுக் குழந்தை என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் பல சிறப்பு மருத்துவர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வருபவர்கள். கேட்காமல் போனால் அன்று இருக்கும் வேறொருவர் பார்த்து அனுப்பிவிடுவார்.

செலவு கவலை உள்ளவர்கள் அங்கன்வாடியையும் அரசுப் பள்ளியையும் மறக்க வேண்டாம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக் குழந்தைகளை ஒருமுறையும் பரிசோதித்து, குறை தென்பட்டால் அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரை செய்கின்றன. அவர்கள் தரும் சீட்டைப் பையில் போட்டு மறந்துவிடாமல் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். அறுவை சிகிச்சை என்று வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை அந்த மருத்துவமனையில் சேருமா என்று காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

பரிசோதனை அறையில் கவனிக்க வேண்டியவை

மருத்துவர் நல்லவரா என்பது அறைக்குள்தான் தெரியும். குழந்தை பயந்து அழுவதும் கண்ணைப் பொத்திக்கொள்வதும் இயல்பு. அப்போது தலையைப் பிடித்து அழுத்திச் சட்டென்று முடிப்பவரை விட, குழந்தையை அம்மா மடியிலேயே உட்காரவைத்து, கொஞ்சம் விலகி நின்று, அது எதைப் பார்க்கிறது, எந்தக் கண்ணால் பார்க்கிறது, தலையைச் சாய்க்கிறதா என்று முதலில் வேடிக்கை பார்ப்பவரை நான் நம்புவேன். அந்த வேடிக்கையே பரிசோதனையின் பாதி. பிறகு அவர் ஒரு பொம்மையைக் காட்டி ஒரு கண்ணை மறைப்பார், எடுப்பார், மற்றொன்றை மறைப்பார். மறைத்த கணத்தில் திறந்திருக்கும் கண் அசைகிறதா என்று பார்த்தே மாறுகண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். எப்போதும் ஒரே கண்ணை மறைக்கும்போது மட்டும் குழந்தை கையைத் தட்டிவிட்டுச் சிணுங்கினால், அதுதான் அதற்கு நன்றாகத் தெரியும் கண் என்று ஊகிக்கலாம். இதை வீட்டிலும் விளையாட்டாகச் செய்து பார்த்து, கண்டதை மருத்துவரிடம் சொல்லலாம்.

எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் பார்வையை அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் அந்த இடம் குழந்தைகளுக்கானது அல்ல. கோடு போட்ட அட்டையையும் வெற்று அட்டையையும் ஒருசேரக் காட்டி, கைக்குழந்தையின் கண் எதை நோக்கித் திரும்புகிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. இரண்டரை மூன்று வயதுக்கு வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் போன்ற படங்களைக் காட்டிக் கையிலுள்ள அட்டையில் அதே படத்தைத் தொடச் சொல்லும் முறை இருக்கிறது. எந்த முறையானாலும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே அளக்க வேண்டும். விரல் இடுக்கு வழியாகக் குழந்தை எட்டிப் பார்த்துவிடும் என்பதால் நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் உள்ளங்கையால் மறைக்காமல் ஒட்டுத்துணியாலோ மறைப்புக் கண்ணாடியாலோ மறைப்பார். இந்தச் சிறு விஷயத்திலிருந்தே அந்த இடத்தின் பழக்கத்தை எடைபோட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சொட்டு மருந்து. குழந்தையின் கண்ணுக்குக் குவிக்கும் ஆற்றல் மிக அதிகம். இயந்திரத்துக்குள் உற்றுப் பார்க்கும்போது அது தன்னையறியாமல் குவித்துக்கொள்ளும், இயந்திரமோ இல்லாத கிட்டப்பார்வையைக் காட்டிவிடும், அல்லது இருக்கும் தூரப்பார்வையை மறைத்துவிடும். இந்த ஆற்றலைத் தற்காலிகமாகத் தளர்த்தும் சொட்டு மருந்தோ களிம்போ போட்ட பிறகுதான் உண்மையான பவர் தெரியும். பிறகு மருத்துவர் அறையை இருட்டாக்கி, ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கருவியிலிருந்து மெல்லிய ஒளிக்கோட்டைக் கண்பாவைமேல் இடமும் வலமும் ஓடவிட்டு, ஒவ்வொரு லென்ஸாகக் கண்முன் பிடித்து, உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். குழந்தை ஒரு வார்த்தை பேசாமலே பவர் கிடைத்துவிடும் முறை இதுதான். சொட்டு மருந்து போடாமல், கணினியில் வந்த தாளை மட்டும் வைத்துச் சிறு குழந்தைக்கு முதல் கண்ணாடி எழுதிக் கொடுத்தால், அதை வாங்காமல் வேறு மருத்துவரைப் பாருங்கள். கண்பாவை விரிந்திருக்கும் அதே நேரத்தில் விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும்.

இதற்கு நேரம் பிடிக்கும். நம் ஊர்க் குழந்தைகளின் கருமையான கண்ணில் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று முறை விட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே அரைநாள் ஒதுக்கிக்கொண்டு, குழந்தைக்கு வயிறாரக் கொடுத்து, தூங்கும் வேளையைத் தவிர்த்துக் கூட்டிப் போங்கள். பிறந்தபோது மருத்துவமனை தந்த விவரச் சீட்டு, பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள், மாறுகண்ணோ வெண்மையோ தெரியும் கைப்பேசிப் படங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் யாருக்குச் சிறு வயதிலேயே கண்ணாடி, மாறுகண், பார்வைக் குறைபாடு இருந்தது என்று இரு தரப்பிலும் விசாரித்து வையுங்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடித்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் சில கண் நோய்களுக்கு அது ஒரு காரணம். குற்றம் கண்டுபிடிக்க யாரும் அதைக் கேட்பதில்லை.

சில சமயம், குவிக்கும் ஆற்றலைத் தளர்த்தும் அட்ரோபின் களிம்பை எழுதித் தந்து, வீட்டில் மூன்று நாள் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். கீழ் இமையை இழுத்து அரிசி அளவு வைத்தால் போதும். வைத்த பின் மூக்கோரத்துக் கண்முனையைச் சற்று அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். உடனே உங்கள் கையைக் கழுவுங்கள்; அதே விரலால் கண்ணைக் கசக்கினால் உங்கள் பார்வையும் மங்கிவிடும். களிம்பு போட்ட பின் குழந்தையின் முகம் சிவந்து, உடம்பு கொதித்து, வாய் வறண்டு, படபடப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த எச்சரிக்கையைச் சீட்டு எழுதும்போதே மருத்துவரோ செவிலியரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்களா என்பதும் ஒரு அளவுகோல்தான். வெளிச்சம் கூசுவதும் கிட்டத்தில் மங்குவதும் பத்துப் பதினைந்து நாள் வரை நீடிக்கலாம், அதற்காகப் பதற வேண்டியதில்லை.

சிகிச்சை சொல்லும்போது

கண்டறிந்ததை மருத்துவர் உங்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்: என்ன குறை, எந்தக் கண்ணில், என்ன செய்யப் போகிறோம், எத்தனை நாளில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம், மறுபடி எப்போது வர வேண்டும். சோம்பேறிக் கண்ணுக்கு நல்ல கண்ணை மறைத்து மற்றதை வேலை செய்யவைப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை எழுதி வாங்குங்கள். ஒட்டுத்துணியைத் தோலின்மேல் ஒட்ட வேண்டும், கண்ணாடியின்மேல் ஒட்டினால் குழந்தை ஓரத்தின் வழியாகப் பார்த்துக்கொள்ளும்.

மாறுகண்ணுக்கு முதல் சந்திப்பிலேயே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்ணாடி போட்டே நேராகிவிடும் வகையா இது?" தூரப்பார்வையால் கண் உள்நோக்கித் திரும்பும் குழந்தைகள் பலருக்குச் சரியான கண்ணாடியே போதும். மறுபக்கம், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று உண்மையான மாறுகண்ணை ஒத்திப்போடுவதும் தவறு. அறுவை சிகிச்சை தேவைதான் என்றால், மயக்க மருந்து கொடுப்பவர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா, எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். மூக்கோரத்தில் எப்படி அழுத்தித் தடவ வேண்டும் என்று மருத்துவர் தன் விரலால் செய்து காட்டுவார், ஒரு வயதுக்குள் பெரும்பாலோருக்குத் திறந்துவிடும். தாய்ப்பால் விடுவது, நாமக்கட்டி பூசுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது எதுவும் வேண்டாம்.

கோடையில் கண் அரித்துச் சிவக்கும் ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதுவதுண்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால், அடுத்த முறை அதே பாட்டிலைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை பறிபோகும், கண்புரையும் வரலாம். எத்தனை நாளில் குறைத்து, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுப்பவர் கவனமான மருத்துவர். தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கண் பயிற்சியால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், மூலிகைச் சொட்டால் பவர் இறங்கிவிடும் என்று உறுதி கூறும் இடங்களை விட்டு விலகிவிடுங்கள். சிகிச்சைக்குரிய வயது அங்கே வீணாகிப் போவதுதான் பெரிய இழப்பு, பணம் அடுத்தபடி. கண்ணாடியை மருத்துவமனைக்குள் இருக்கும் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பவர் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், மூக்கில் வழுக்காத சட்டம், பின்பக்கம் கட்டும் பட்டை ஆகியவை கிடைக்கும் கடையில் செய்துகொள்ளலாம். புதுக் கண்ணாடியை அடுத்த சந்திப்பில் மருத்துவமனையில் காட்டினால் பவர் சரியாக ஏறியிருக்கிறதா என்று அளந்து சொல்வார்கள்.

நான்கைந்து மாதம் சொன்னபடி செய்தும் முன்னேற்றம் இல்லை, ஏன் என்று கேட்டால் மருத்துவர் எரிச்சல்படுகிறார் என்றால் இன்னொருவரின் கருத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கண்ணுக்குள் அறுவை சிகிச்சை என்று வரும்போதும், அவசரம் இல்லையெனில், இன்னொருவரிடம் காட்டிக்கொள்வது நல்லதே. போகும்போது முதல் மருத்துவரின் சீட்டுகளை மறைக்காமல் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இரு கண்ணின் பார்வை அளவையும் பவரையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் சிகிச்சையை விட்ட இடத்திலிருந்தே தொடர முடியும்.